விட்டு விட்டு அழுத்தவும்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் எனக்குப் பதினாறு வருஷ வேலை. பெரிய உருளை இஸ்திரி இயந்திரத்தின் ஒரு பக்கம் நான் நிற்பேன், மறுபக்கம் என் ஜோடி நிற்பாள். ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை நான் பிடிக்க வேண்டும், இரண்டு முனைகளை அவள் பிடிக்க வேண்டும். சுருக்கம் விழாமல் இழுத்து உருளைக்குள் கொடுத்தால், பின்பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. என் ஜோடிக்கு வாய் ஓயாது என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். உருளைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவள், வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றாலும் அதே குரலில்தான் பேசுவாள்.

அந்த வருஷம் என் இரண்டு மணிக்கட்டும் வீங்கிப் போயிருந்தன. கைக்கு ஓய்வு கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். கைக்கு ஓய்வு கொடுத்தால் வயிற்றுக்கு யார் கொடுப்பது என்று கேட்க நினைத்தேன். அவர் முகமும் என்னைப் போலவே களைத்திருந்ததால் கேட்கவில்லை.

வீட்டுக்கு வர மாலை ஆறு மணி ஆகும். என் கணவர் பஸ் டிரைவர், அவருக்கு மாலை ஷிப்ட். ஆறரைக்குத் தட்டில் சோறு விழவில்லை என்றால் வெறும் வயிற்றோடு வண்டி எடுக்கப் போய்விடுவார். அதனால் படி ஏறி வந்ததும் தோளிலிருந்து பையை இறக்காமலேயே அடுப்பைப் பற்றவைப்பேன். ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே நின்றபடி தூங்கிவிட்டேன். குழாயில் நெற்றி இடித்துத்தான் விழிப்பு வந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், என் வேலையைக் குறைக்க ஏதாவது ஒரு சாதனம் வாங்கியே தீர்வது என்று.

வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். என் நாத்தனார். கடைக்குட்டி என்று பெற்றவர்கள் பாப்பா என்று கூப்பிட்டுப் பழக்கிவிட்டார்கள். நாற்பத்தொரு வயதில் காதோரம் நரைத்த பிறகும் அவள் பாப்பாதான். கட்டியவன் வேறொருத்தியோடு போய்விட, ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு எங்களிடம் வந்தாள். பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு தையல் கடைக்காகச் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள்.

அவள் சமைக்கக் கூடாதா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். நான்தான் விடவில்லை. வந்த புதிதில் ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தையலில் உட்கார்ந்துவிட்டாள். நான் வரும்போது வீடெல்லாம் புகை. பாத்திரம் அடியோடு கருகி, திரைச்சீலையின் ஒரு ஓரம் பொசுங்கியிருந்தது. களைத்து வந்தவளுக்குக் கோபம் எங்கிருந்துதான் வருமோ. "இனிமே இந்த அடுப்படில நீ கை வெக்கக் கூடாது. வெச்ச, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன்.

"சரிங்க அண்ணி" என்றாள்.

அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட அடுப்படி வாசலில் நின்று கேட்பாள். பிறகு கேட்பதும் எனக்குத் தொந்தரவு என்று நினைத்தோ என்னவோ, ஒரு பாட்டிலில் நிரப்பித் தன் தையல் பெட்டி பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லி அதைக் கலைத்திருக்கலாம். ஆறு வருஷத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால் மட்டும், "அவ சும்மாதான் உக்காந்திருக்கா, ஒரு துரும்பக் கிள்ளிப் போட மாட்டா" என்று சொல்ல நேரம் இருந்தது.

சாதனம் தேடுவதில் எனக்கு இரண்டு மாதம் ஓடியது. ரேடியோ தினம் ஒன்று சொல்வாள்.

"காய் நறுக்குற டப்பா வாங்கு. கயிறப் புடிச்சு நாலு இழு இழுத்தா வெங்காயம் தூளாயிடும். என் சித்தி பொண்ணு வெச்சிருக்கா."

"கழுவ எத்தன துண்டு?"

"என்னது?"

"பிரிச்சுக் கழுவுறதுக்கு எத்தன துண்டு இருக்குன்னு கேக்குறேன்."

"ஆறோ ஏழோ இருக்கும்."

"ஏழு துண்டக் கழுவுறதுக்கு நான் ஒரு கத்தியக் கழுவிட்டுப் போய்ப் படுத்துடுவேன். அந்தக் கயிறு இழுக்க மணிக்கட்ட யார் குடுப்பா, உன் சித்தி பொண்ணா?"

"ஏண்டி, நீ மெஷின் வாங்கப் போறியா, மாப்பிள்ள பாக்கப் போறியா?"

"மாப்பிள்ளைய இவ்ளோ பாத்திருந்தா இங்க வந்து ஏன் வெந்துக்கிட்டு நிக்கிறேன்?"

உருளையில் விரிப்பு கோணலாகப் போகும் அளவுக்குச் சிரித்தாள்.

ஆனால் நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் பாத்திரக் கடைக் கண்ணாடியின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக மனதுக்குள் பரீட்சை வைப்பேன். களைத்துப் போனவளுக்கு என்று ஒரு சாதனம் இருக்குமானால், அதில் கழுவ ஒரே ஒரு பாத்திரம்தான் இருக்க வேண்டும். மூடி ஒரு கையால் திறக்க வேண்டும். பொத்தான் விரல் முட்டியால் அழுத்தினாலும் வேலை செய்கிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் இல்லாதபோது அது வேலை செய்ய வேண்டும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள், எனக்கு இன்னொரு குழந்தை மாதிரி. மகன் ஒருவனை வளர்த்து வெளியூரில் படிக்க அனுப்பியாகிவிட்டது, அது போதும்.

கடைசியில் அப்படி ஒன்று கிடைத்தது. நேரம் வைக்கிற எலெக்ட்ரிக் குக்கர். காலையில் அரிசி, பருப்பு, காய், தண்ணீர் எல்லாம் போட்டு நேரம் வைத்துவிட்டால், சாயங்காலம் அந்த நேரத்துக்குத் தானே எரிய ஆரம்பிக்கும், வெந்ததும் தானே அணைந்து சூட்டைக் காக்கும். உள்ளே ஒரே பாத்திரம். நான் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது கணவர், "ஆளில்லாம சோறு ஆகுமா? அப்ப பஸ்ஸும் ஆளில்லாமப் போகட்டும், நானும் வீட்ல தூங்குறேன்" என்று கிண்டல் செய்தார். பாப்பா மட்டும் வாசலில் நின்றபடி, "ரொம்ப அழகா இருக்குங்க அண்ணி" என்றாள்.

உள்ளே ஒரு தாள் இருந்தது. தமிழிலும் அச்சடித்திருந்தார்கள். நேரம் தெரியும்வரை சிறிய பொத்தானைப் பிடித்திருக்கவும், பிறகு விட்டு விட்டுப் பெரிய பொத்தானை அழுத்தவும். மறுநாள் காலை எல்லாவற்றையும் போட்டு அப்படியே செய்தேன். நேரம் தெரிந்ததும் பெரிய பொத்தானை விரல் முட்டியால் விட்டு விட்டு இரண்டு தடவை அழுத்தினேன். டிங் என்றது, சற்று விட்டு மறுபடி டிங் என்றது. எனக்குப் பதில் சொல்வது போல இருந்தது.

அன்று மாலை படி ஏறும்போதே வெந்த பருப்பின் மணம் வந்தது. முதல் மாடியில் நின்று மோந்து பார்த்தேன், யார் வீட்டிலோ என்று நினைத்தேன். எங்கள் வீட்டில்தான். மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடித்தது, பருக்கை பருக்கையாகச் சோறு. நான் பையை இறக்கி வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். வேலைநாளில் அந்த நேரத்தில் நான் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை. சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரித்தேன். கணவரும் பாப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து எட்டு மாதம். வேலைநாளெல்லாம் காலை ஐந்தரைக்கு எல்லாவற்றையும் போடுவேன், டிங், டிங், கிளம்பிவிடுவேன். ஆறு மணிக்குச் சோறு தயாராக இருக்கும். மணிக்கட்டு வீக்கம் கொஞ்சம் வடிந்தது. எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஐந்து நிமிஷம்தான் என் பிரார்த்தனை நேரம். அந்த ஐந்து நிமிஷத்தில் தவறாமல் குக்கருக்காக நன்றி சொன்னேன். வெயில் காலத்தில் பகல் முழுக்க ஊறியும் ஒரு நாள்கூட அரிசி புளித்ததில்லை. அதற்கும் தனியாக நன்றி சொன்னேன். ரேடியோவிடம் பெருமையடித்து, அவளையும் ஒன்று வாங்க வைத்தேன்.

வீட்டிலும் பேசினேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "வாயில்லாத இரும்பு. ஒரு மனுஷி செய்யாத உபகாரத்த இது செய்யுது" என்றேன். யாருக்காகச் சொன்னேன் என்று வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கணவர் இருமினார். பாப்பா தட்டைப் பார்த்தபடி, "ஆமாங்க அண்ணி" என்றாள்.

எட்டாவது மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கொதிகலன் பழுதாகி, எங்களை நாலு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது ஐந்து ஆகவில்லை. கதவைத் திறந்தால், அடுப்படிக்குள் பாப்பா நிற்கிறாள். ஆறு வருஷமாக வாசலைத் தாண்டாதவள், உள்ளே, குக்கரின் முன்னால். விரல் பெரிய பொத்தான் மேல் இருந்தது.

"என்ன பண்ற?"

துள்ளி விழுந்தாள். "ஒண்ணுமில்லங்க அண்ணி. தூசி இருந்துச்சு. தொடைச்சேன்."

"பொத்தான் மேல தூசியா? துணி எங்க?"

விரலை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அத நிறுத்தப் பாத்தியா? சோறு வேகாம நான் வந்து அல்லாடணும், அதப் பாக்கணுமா உனக்கு?"

"ஐயோ, இல்லங்க அண்ணி."

"கொதிக்கிற உருளைல கைய வேகவெச்சுட்டு வர்றேன். இந்த வீட்ல எனக்குன்னு ஒண்ணே ஒண்ணுதான் ஒழுங்கா வேலை செய்யுது. அதுவும் பொறுக்கலையா?"

சத்தம் கேட்டுக் கணவர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாயைத் திறந்தார். பாப்பா அவரைப் பார்த்து வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தாள். அதை நான் பார்த்தேன். அண்ணனும் தங்கையும் சேர்ந்து எனக்கு எதிராக ஏதோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். எதிராக என்ற ஒரு வார்த்தையைத் தவிர நான் நினைத்தது சரிதான்.

இரண்டு வாரத்தில் அவளை அனுப்பிவிட்டேன். வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஒரு விடுதியில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று ரேடியோதான் சொன்னாள். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. மகன் விடுமுறைக்கு வந்தால் ஹாலில் படுக்கிறான் என்று ஒரு காரணம் சொன்னேன். அவளுக்கும் ஒரு வழி பிறக்கட்டும் என்று இன்னொரு காரணம் சொன்னேன். நல்லது செய்கிறோம் என்று நம்பிக்கொண்டு கெடுதல் செய்யும்போது காரணங்களுக்குப் பஞ்சமே இருப்பதில்லை. கணவர், "அவளுக்கு இஷ்டம்னா சரி" என்றார். அவளும் இஷ்டம்தான் என்றாள். அவள் எதைத்தான் இஷ்டமில்லை என்று சொன்னாள்?

பெட்டியோடு வாசலில் நின்றவள், "அண்ணி, அந்தக் குக்கர..." என்று ஆரம்பித்தாள்.

"என்ன?"

"சாயங்காலம் ஒரு தடவ பாத்துக்கோங்க."

"அந்நேரம் நான் உருளைகிட்ட நிப்பேன். எப்படிப் பாக்குறது? அதுக்குத்தானே மெஷின்."

"ஆமாங்க அண்ணி" என்றாள். போய்விட்டாள்.

அதன்பிறகு நாலு நாள் குக்கர் எப்போதும் போல வேலை செய்தது. ஐந்தாம் நாள் கணவருக்குப் பகல் ஷிப்டாக மாறியது. நான் வரும்போது வீட்டில் யாரும் இல்லை. படியில் மணம் இல்லை. மூடியைத் திறந்தால் பச்சைத் தண்ணீரில் அரிசி உப்பிப்போய்க் கிடந்தது. புளித்த வாடை அடித்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் குக்கரைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு, அரை நாள் லீவு போட்டுக் கடைக்குப் போனேன்.

பழுது பார்க்கும் மேசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். தண்ணீர் ஊற்றி நேரம் வைத்துப் பார்த்தாள். சொன்ன நேரத்துக்கு அது எரிந்தது.

"நல்லாத்தானே இருக்கு. நீங்க எப்படி வெப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

சிறிய பொத்தானைப் பிடித்தேன், நேரம் வந்தது. பெரிய பொத்தானை முட்டியால் அழுத்தினேன். டிங். மறுபடி அழுத்தினேன். டிங்.

"ஏன் ரெண்டு தடவ?"

"தாள்ல அப்படித்தானே போட்டிருக்கு. விட்டு விட்டு அழுத்தணும்னு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, சின்னப் பொத்தான விட்டுவிட்டு, பெரிசை அழுத்தணும். ஒரே தடவ. அத சேத்து அச்சடிக்காமப் பிரிச்சுப் போட்டுத் தொலைச்சுட்டாங்க. முதல் தடவ அழுத்தினா இந்தச் சிவப்புப் புள்ளி எரியும், காத்திருக்குன்னு அர்த்தம். ரெண்டாவது தடவ அழுத்தினா ரத்தாயிடும். பாருங்க, புள்ளி அணைஞ்சுடுச்சு. உங்களுக்கு முன்னால மூணு பேர் இதே கதையோட வந்துட்டாங்க. ஆனா அவங்கெல்லாம் வாங்கின மறுநாளே வந்துட்டாங்க. நீங்க எப்ப வாங்குனீங்க?"

"எட்டு மாசம் ஆச்சு."

"எட்டு மாசமா எப்படிச் சாப்பிட்டீங்க?"

"தினமும் வேலை செஞ்சுதே. போன வாரம் வரைக்கும்."

"இப்படி வெச்சா ஒரு நாள்கூட வேலை செய்யாதுக்கா." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "வீட்ல யாரோ சாயங்காலம் அழுத்தியிருக்காங்க. நேரம் வெக்காம ஒரு தடவ அழுத்துனா உடனே எரிய ஆரம்பிச்சுடும். வீட்ல யார் இருப்பாங்க?"

நான் குக்கரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். குக்கரைத் துணியில் மறுபடி கட்ட எனக்கு வெகுநேரம் பிடித்தது. முடிச்சு விழவே இல்லை.

அன்று சாயங்காலம் கணவர் வந்ததும் கேட்டேன். "பாப்பாதான் தினமும் குக்கரப் போட்டாளா?"

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது. "ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். அஞ்சு மணி ஆச்சு, அது கம்முனு இருந்துச்சு. பாப்பா என்ன எழுப்பி, நீ வந்து அழுத்துண்ணான்னா. நான் தூக்கத்துல, நீயே அழுத்துன்னேன். அவ வாசல்லயே நின்னுட்டு, அண்ணி திட்டுவாங்கன்னா. அப்புறம் என்ன நெனச்சாளோ, உள்ள போய் அழுத்திட்டா."

"வெயில் காலத்துல அரிசி புளிக்கலையே?"

"மத்தியானம் தண்ணிய மாத்துவா."

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"அன்னிக்கு நீ வந்து உக்காந்து சிரிச்சல்ல. நீ அப்படிச் சிரிச்சு நாங்க ரெண்டு பேரும் பாத்ததே இல்ல. ரெண்டு மாசம் தேடித் தேடி வாங்கிட்டு வந்திருக்காங்க, மெஷின் மக்கர்னு தெரிஞ்சா அண்ணி மனசு விட்டுடுவாங்க, சொல்லாதண்ணான்னு கையப் புடிச்சுக்கிட்டா."

"சரி, அது அன்னிக்கு. நான் அவள வெளிய அனுப்புறப்பவாவது சொல்லியிருக்கலாமே. அவ போனதுக்கப்புறம் நாலு நாள் நீங்களே அழுத்திட்டுச் சும்மா இருந்திருக்கீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "சொன்னா நீ என்னத் திட்டுவன்னு பயம்" என்றார். பத்து டன் பஸ்ஸை நெரிசலில் ஓட்டுகிறவர். எனக்குக் கோபம் வரவில்லை. என் வீட்டில் எல்லோரும் என்னிடம் பயந்துகொண்டே எனக்கு நல்லது செய்திருக்கிறார்கள். அப்படிச் செய்ய வைத்த பெருமை முழுக்க என்னுடையது.

எட்டு மாதம் பஸ் நிறுத்தத்தில் நின்று நான் சொன்ன நன்றியை நினைத்துப் பார்த்தேன். அது சரியான இடத்துக்குத்தான் போயிருக்கும். மேலே இருப்பவனுக்கு யார் அழுத்தினார்கள் என்று தெரியும். பக்கத்து அறையில் இருந்தவளுக்குத்தான் அதிலிருந்து ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை விடுதிக்குப் போனேன். அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் கிளம்பினேன். பின்பக்கச் சமையலறையில் அண்டா அளவுக்குப் பாத்திரங்கள். பாப்பா ஒரு முக்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே ஒரு சூட்டுக் காயம், மருந்து தடவியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து முக்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க அண்ணி. கை எப்படி இருக்கு? வீக்கம் இருக்கா?"

நான் உட்காரவில்லை. "எல்லாம் தெரிஞ்சு போச்சு பாப்பா. கடைல சொன்னாங்க. அவரும் சொன்னாரு."

அவள் முகம் மாறியது. தப்பு செய்து பிடிபட்டவள் போல முந்தானையால் கையைத் துடைத்தாள். "மன்னிச்சுக்கோங்க அண்ணி. கை வெக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்க. வேற எதையும் தொடல. அந்தப் பொத்தான மட்டும்தான். அப்புறம் அந்தத் தண்ணி."

என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீ எதுக்கு மன்னிப்பு கேக்குற? நான் கேக்கணும். கெளம்பு, வீட்டுக்குப் போலாம்."

"இல்லங்க அண்ணி."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை மறுப்பாக நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பயந்தோ மறைக்கவோ அல்லாமல், வெறும் இல்லை.

"கோவமா?"

"கோவம் எதுக்குங்க? ஒரு வருஷம் இருக்கேன்னு இவங்ககிட்ட வாக்கு குடுத்திருக்கேன்."

"நான் பேசிக்கிறேன் அவங்ககிட்ட."

"வேணாங்க அண்ணி." ஒரு கிழங்கை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள். தோல் அறுபடாமல் நீளமாக விழுந்தது. "இப்பதான் எப்படி அழுத்தணும்னு உங்களுக்குத் தெரிஞ்சு போச்சே. அது தானா வேகும். நான் வந்து என்ன பண்ணப் போறேன்?"

குத்தலாகச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறவள் மாதிரி இருந்தது முகம். நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்த கணக்கு அதுதானே. வேலை இருந்தால் இடம் உண்டு, வேலை இல்லாவிட்டால் இடமில்லை.

"உனக்கு வேலை எதுவும் வேணாம். சும்மா வந்து இரு."

"சும்மா உக்காந்திருக்கேன்னு சொல்வாங்களே" என்றாள். சொல்வார்களே என்றாள், சொல்வீர்களே என்று சொல்லவில்லை. அந்த மரியாதையையும் எனக்கு விட்டு வைத்தாள். "இங்க நல்லாத்தான் இருக்குங்க அண்ணி. அறுபது பேரு. வேலைக்குப் போயிட்டுச் செத்துச் சுண்ணாம்பாகி வருவாங்க, உங்கள மாதிரி. சாப்பிட்டுட்டு, அக்கா சோறு நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுவாங்க."

 பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்து, தரையில் உட்கார்ந்து நானும் சீவினேன். மணிக்கட்டு வலித்தது. என் தோல்கள் தடித் தடியாக விழுந்தன. அவள் என் கிழங்குகளை எடுத்து, நான் பார்க்காத மாதிரி, மறுபடி ஒரு தடவை சீர் செய்து போட்டாள்.  அண்ணனுக்கு ஷிப்ட் மாறிவிட்டதா என்று கேட்டாள், மாறிவிட்டது என்றேன்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தார்கள். பெண்கள் தட்டோடு வரிசையில் வந்தார்கள். நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்தவர்கள், தலைகூட வாராதவர்கள், ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டே நகர்ந்தாள். "அண்ணி, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று என் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டுப் பாப்பா அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றாள். நானும் வரிசையில் நின்றேன்.

என் முறை வந்தது. கரண்டியால் அள்ளி என் தட்டில் போட்டாள், எல்லோருக்கும் போட்ட அதே அளவு. நான் நகரவில்லை. இத்தனை நாள் சொல்லாமல் விட்டதைச் சொல்ல எனக்கு வேறு இடம் கிடைக்காது என்று தோன்றியது.

"பாப்பா, எட்டு மாசமும் சோறு ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தது போல உதடு அசைந்தது. எனக்குப் பின்னால் யாரோ தட்டைத் தட்டினார்கள்.

"கொஞ்சம் நகருங்க அண்ணி" என்றாள். "பசியோட நிக்கிறாங்க."

நான் தட்டோடு நகர்ந்தேன்.